கூடத்தில் ஒரு தீபாவளிப் படம்

2020-ம் வருஷத் தீபாவளி. கொரோனா பயம், தியேட்டருக்குப் போகத் துணிவில்லை. சிம்மக்கல் வீட்டுக் கூடத்திலேயே, சன் டி.வி.யில் நேரடியாக வெளியான 'நாங்க ரொம்ப பிஸி' பார்த்தோம். 2016-ல் செல்லாமற்போன நோட்டுகளை வைத்துப் பின்னிய ஹாஸ்யக் கதை.

"காதலையே காணோமே!" என்றாள் தங்கை.

"விளம்பரத்துக்கு நடுவிலே படம் வருதுப்பா!" என்றான் பையன்.

அதிரசம் கருகியதுதான் கண்ட பலன் என்றாள் என் மனைவி.

அப்பத்தா வாயே திறக்கவில்லை. 1952 தீபாவளிக்கு, புதுப்பெண்ணாகத் தங்கம் தியேட்டரில் 'பராசக்தி' பார்த்தவள். தாத்தா போனபின் அவரைப் பற்றிப் பேச்செடுத்ததே கிடையாது.

படம் முடிந்தது. "பிடிக்கலேன்னா அவுக பாதியிலேயே எந்திரிச்சிருவாக. டிக்கெட்டுக் காசு போச்சேன்னு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்" என்று சிரித்தாள்.

டி.வி.யை அணைக்கப் போனேன். "இருக்கட்டும்டா" என்று தடுத்துவிட்டாள்.