பொடி எழுத்தில் வந்த பெயர்கள்

தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் புதிதாகச் சேருகிற பையனை யாரும் சேப்பாக்கத்துக்கு அனுப்ப மாட்டார்கள். அவன் கையில் முதலில் கொடுப்பது போட்டி முடிவுகளைத்தான். எழும்பூரில் நடந்த ஹாக்கி லீக், நேரு ஸ்டேடியத்தில் நடந்த கால்பந்து லீக், ஏதோ ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்த மண்டல வாலிபால், மாவட்டப் பள்ளிகளின் தடகளம். மாலை ஆறு மணிக்குமேல் இவை ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். சில தொலைபேசியில் வரும், சில ஃபேக்ஸில் வரும், பெரும்பாலானவை கையால் எழுதிய தாளில் வரும். பி.டி. வாத்தியார்களே பஸ் பிடித்து வந்து, வியர்வை காயாத சட்டையோடு வாசலில் காத்திருந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். 1990களின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தத் தாள்கள் வந்து சேரும் மேசைதான் எனக்குக் கிடைத்தது. இத்தனை வருடத்தில் நான் உட்கார்ந்த மேசைகளில் மிக நல்லது அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

எங்கள் பொறுப்பாசிரியர் அதிகம் பேச மாட்டார். நான் எழுதிக் கொடுத்த தாளை மேலிருந்து கீழே பார்ப்பார். சிவப்புப் பேனாவால் ஓரிடத்தில் வட்டம் போடுவார்.

“தம்பி, இந்தக் குமாருக்கு இனிஷியல் எங்க?”

“தாள்ல இல்ல சார்.”

“போன் போட்டுக் கேளு. ஒரு மாவட்டத்துல எத்தன குமார் ஓடுறான்னு உனக்குத் தெரியுமா?”

இனிஷியல், பள்ளியின் பெயர், பள்ளி இருக்கும் ஊர். இந்த மூன்றும் இல்லாமல் எந்தப் பெயரும் அவர் மேசையைத் தாண்டாது. கிரிக்கெட் ஸ்கோர் என்றால் ஆட்டக்காரர்களின் ரன்னையும் உதிரியையும் கூட்டி, மொத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்த விக்கெட்டிலிருந்து ரன் அவுட்டைக் கழித்தால் பந்துவீச்சாளர்களின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு ரன் இடித்தாலும் ஸ்கோரர் வீட்டுக்குப் போன் போக வேண்டும், ராத்திரி ஒன்பது மணியானாலும் சரி. வெளியூர்ப் பதிப்பு முதலில் அச்சுக்குப் போகும் என்பதால் அந்த ஊர்களின் முடிவுகளைத்தான் முதலில் முடிக்க வேண்டும். நகரப் பதிப்புக்கு நள்ளிரவு தாண்டியும் நேரம் இருக்கும். திருநெல்வேலிக்காரருக்குக் காலையில் கிடைக்கும் பக்கமும் சென்னைக்காரருக்குக் கிடைக்கும் பக்கமும் ஒன்றல்ல என்பதே உள்ளே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அவற்றுக்காக வேளச்சேரியில் நீச்சல் வளாகமே புதிதாக எழுந்திருந்தது. தடகளத்தில் நேரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்தச் சமயத்தில். ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தி எடுத்த நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு விநாடி வரைதான் எழுதுவார்கள். போட்டோ ஃபினிஷ் கருவி நூறில் ஒரு பங்கு வரை காட்டும். 11.2 என்றால் கை, 11.24 என்றால் கருவி. துப்பாக்கியின் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஓடுகிறவர் கிளம்பியிருப்பார் என்பதால் கைக்கணக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகவே வரும். 100 மீட்டரில் 0.24 விநாடியைச் சேர்த்த பிறகுதான் இரண்டையும் ஒப்பிடுவார்கள். இது தெரியாமல் பள்ளிப் போட்டியில் ‘சாதனை முறியடிப்பு’ என்று எழுதினால், உண்மையில் அந்தச் சாதனையை வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு அநியாயம் செய்தவர்களாகிவிடுவோம்.

தாளில் வரும் முடிவுகளோடு நின்றுவிடாமல் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தபோது வேறொரு உலகம் திறந்தது. சென்னைக் கால்பந்து லீக்கில் ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், இந்தியன் வங்கி போன்ற அணிகள் ஆடும். சட்டையில் எண் இருக்கும், பெயர் இருக்காது. ஆட்டம் தொடங்குமுன் அதிகாரிகளிடம் இருக்கும் அணிப் பட்டியலைக் கெஞ்சி வாங்கி நகலெடுத்துக்கொள்ள வேண்டும். கோல் விழுந்த நிமிடத்தை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். பந்து கடைசியாக யார் காலில் பட்டது என்ற சந்தேகம் வந்தால், ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். தோற்ற கோல்கீப்பரிடம் அந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது.

கேலரியில் ஒரே தூணுக்குப் பக்கத்தில் தினமும் வந்து உட்காரும் நாலைந்து பெரியவர்கள் இருந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். “பந்தையே பாத்துக்கிட்டிருந்தா ஆட்டம் தெரியாது தம்பி. பந்து இல்லாதவன் எங்க ஓடுறான்னு பாரு” என்று அவர்களில் ஒருவர் சொன்னதை வைத்துத்தான் நான் கால்பந்து பார்க்கவே கற்றேன். நான் எழுதியதை மறுநாள் படித்துவிட்டு வந்து, எந்த வரி சரியில்லை என்று சொல்வார்கள். அவர்களைவிடக் கண்டிப்பான வாசகர்கள் எனக்கு வாய்த்ததில்லை.

பள்ளித் தடகளப் போட்டிகள் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். குறுவட்டத்தில் ஜெயித்தவர்கள் மாவட்டத்துக்கு வருவார்கள், மாவட்டத்தில் ஜெயித்தவர்கள் மாநிலத்துக்குப் போவார்கள். குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டி என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்த மேடைகள் இவைதான். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தரையில் பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடுவார்கள். ஒரே ஜோடி ஸ்பைக்ஸை இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஹீட்ஸில் ஓடியவள், மூச்சு அடங்குவதற்குள் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பாள். அவர்களைக் கூட்டிவந்த வாத்தியார் பஸ் காசையும் பன், வாழைப்பழச் செலவையும் தன் சட்டைப்பையிலிருந்துதான் கொடுத்திருப்பார். இந்த மாநிலத்தின் விளையாட்டு வரலாற்றை யாராவது முறையாக எழுதினால், அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கியாக வேண்டும்.

ஒருநாள் மத்தியானம், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பழைய பேப்பர் ஒன்று வேண்டும் என்று தேதியைச் சொன்னார். எடுத்துப் பார்த்தால், மாவட்டப் போட்டியின் முடிவுகள் பொடி எழுத்தில் கால் பத்திக்கு வந்திருந்தன. பெண்கள் 400 மீட்டரில் இரண்டாவது பெயர் அவருடைய மகளுடையது. இனிஷியலோடு இருந்தது, பள்ளியோடு இருந்தது, ஊரோடு இருந்தது. அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார்.

“சர்டிபிகேட் குடுத்திருப்பாங்களே?” என்று கேட்டேன்.

“இருக்குது சார். அத பொட்டில வச்சிருக்கேன். ஊர்ல அத யாரு பாக்குறாங்க? எங்கம்மா, பெரியப்பா எல்லாம் இத்தோட நிறுத்துங்கிறாங்க. பேப்பர்ல பேர் வந்தத காட்டுனா அடுத்த வருசமும் ஓட உட்டுருவாங்க.”

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியிலோ வேலையிலோ சேர, பத்திரிகைத் துண்டு சட்டப்படி எதற்கும் உதவாது. சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஆனால் அதற்கு முன்னால், வீட்டுக்குள்ளேயே ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்திருக்கிறது. பாட்டியும் பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அதில் உறுப்பினர்கள். அந்தக் குழுவின் முன்னால் அந்தப் பெண்ணுக்காகப் பேசக்கூடியது எங்களுடைய கால் பத்திதான். பொறுப்பாசிரியர் இனிஷியலுக்காக ஏன் அப்படி முரண்டு பிடித்தார் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. அந்தத் தேதியிட்ட பேப்பரில் மூன்று பிரதிகளை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

பொடி எழுத்தில் தொடங்காத பெயர் எது? 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்த், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை சென்னையின் சிறுவர் செஸ் முடிவுகளில் ஒரு வரிதான். கேரமில் 1991, 1995 என்று இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயமும் இந்த ஊர்க்காரர்தான்.

சேப்பாக்கமும் ஒருநாள் வந்தது. 1999 ஜனவரியில் பாகிஸ்தானுடன் டெஸ்ட். டெல்லி ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்த சமயம் என்பதால் மைதானத்தைச் சுற்றிப் போலீஸ் காவல் பலமாக இருந்தது. ஆட்டத்தைப் பற்றிய செய்தியைப் பொறுப்பாசிரியர் எழுதுவார். என் வேலை கேலரியில் உட்கார்ந்து, ஜனங்களைப் பார்த்து எழுதுவது. நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வெற்றிக்கு 271 வேண்டும். 82 ரன்னில் ஐந்து விக்கெட் போன பிறகு சச்சினும் நயன் மோங்கியாவும் நின்றார்கள். முதுகு வலியில் சச்சின் ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் முகம் சுளிப்பது கேலரியிலிருந்தே தெரிந்தது. 136 அடித்து, இன்னும் 17 ரன்னே பாக்கி இருந்தபோது, சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கியடித்து வாசிம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். மீதி மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போய்விட்டன. 12 ரன்னில் தோல்வி.

மைதானம் முழுக்கச் சத்தமே இல்லை. அப்புறம் கைதட்டல் கேட்டது. என் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று தட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். அவர்கள் எங்கள் கேலரிக்கு நேரே வந்தபோது கைதட்டல் இன்னும் கூடியது. சென்னைக்காரன் என்பதில் நான் பெருமைப்பட்ட மாலைகளில் அதற்குத்தான் முதலிடம்.

அலுவலகத்துக்கு ஓடிவந்து எழுதினேன். ‘முதலில் ஒருவர் எழுந்தார், பிறகு மைதானமே எழுந்தது’ என்பது முதல் வரி.

“மைதானத்துலேயே மொதல்ல எழுந்தது அவருதான்னு உனக்குத் தெரியுமா?”

“எங்க வரிசைல அவர்தான் சார்.”

“அப்ப உங்க வரிசைன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். அன்று விளையாட்டுப் பக்கம் முழுவதும் சேப்பாக்கத்துக்கே போய்விட்டது. அந்த நெருக்கடியிலும் ஒரு மாவட்ட வாலிபால் முடிவை அவர் விடவில்லை. அதற்கு இடம் பண்ண என் கட்டுரையின் கடைசிப் பத்தியை வெட்டினார். எனக்குப் பிடித்த பத்தி அது. வருத்தமாக இருந்தது. அந்த வாலிபால் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் அடுத்த வருடத்துக்கான பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது, அவர் செய்தது சரி என்றே பட்டது.

ஒரு பெயரைப் பத்திரிகை எப்படிக் கையாள்கிறது என்பது 2006 டிசம்பரில் எல்லாருக்கும் தெரிந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து, செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோரின் மகளாக வந்த சாந்தி சௌந்திரராஜன் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அதைவிடக் கொடுமை, அவருடைய உடலைப் பற்றிய விவரங்கள் நாடு முழுக்கச் செய்தியானது. ஓட்டம் எங்களுடைய செய்தி. உடல் அவருடைய சொந்த விஷயம். இந்தக் கோட்டை அன்று பல செய்தி நிறுவனங்கள் தாண்டின. அதற்காக யாரும் அவரிடம் உரக்க மன்னிப்புக் கேட்டதாக நான் பார்க்கவில்லை. புதிதாக விளையாட்டுப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இப்போது முடிவுகள் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வருகின்றன. வேகம் கூடியிருக்கிறது, எழுத்துப் பிழை குறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பி.டி.எஃப்.பைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. ஐ.பி.எல். வந்தால் இரண்டு மாதத்துக்குப் பக்கம் கிடையாது. ஐ.பி.எல்.லைக் குறை சொல்ல மாட்டேன். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை உலகுக்குக் காட்டியது அதுதான். 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே அவர் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஆனால் அதற்கு முன் அவர் டென்னிஸ் பந்தில் ஆடிய ஊர்ப் போட்டிகளைத் தேடினால், எத்தனை பத்திரிகையில் எத்தனை வரி கிடைக்கும்?

இன்று முதலமைச்சர் கோப்பை என்று 38 மாவட்டங்களிலும் போட்டிகள் நடக்கின்றன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் நாங்கள் பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகம். பக்கத்தை முடிவு செய்கிற இடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டப் போட்டி முடிந்த மறுநாள் அந்த மாவட்டப் பதிப்பில் அரைப் பத்தி கொடுங்கள், பொடி எழுத்தில் இருந்தாலும் போதும். முதல் மூன்று இடங்களைப் போடுங்கள். இனிஷியலோடு, பள்ளியோடு, ஊரோடு. புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனையோ பெண்ணையோ காலை ஏழு மணிக்கே மைதானத்துக்கு அனுப்புங்கள்.