நன்றிச் சீட்டு

சனிக்கிழமை மாலைகளில் இடைவிடா சகாய அன்னை நவநாள் தொடங்குமுன், ஆலய வாயிலில் இருக்கும் மரப்பெட்டியைக் கோயில்பிள்ளை திறந்து, அதிலுள்ள சீட்டுகளைத் தட்டில் கொட்டி நம் மேசைமேல் வைப்பார். மன்றாட்டுகள் ஒருபுறம், நன்றிகள் ஒருபுறம் எனப் பிரிப்பது நம் பொறுப்பு. திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவ்வேலை நமக்கு உவப்பாய் இருந்ததில்லை. காணாமற்போன ஆடு, அடகிலிருக்கும் கம்மல், மகளுக்கு வரவேண்டிய வரன், தேர்வில் இரண்டு மதிப்பெண். விண்ணையும் மண்ணையும் படைத்தவரிடம் கேட்கத்தக்கவை இவைதாமா என்று பலமுறை எண்ணியதுண்டு.

நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் கிரிவலப் பாதையோரம் பூ விற்பவர். முழுநிலவு நாளில் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டரும் மனிதக் கடலாகிவிடும். அந்த ஓரிரவு வருமானம்தான் அவருக்கு மாதத்தின் பெரும்பகுதியைத் தள்ளிவிடும். வாங்குவோர் அண்ணாமலையாரின் அடியார்கள். விற்பவரோ அன்னை மரியாளின் பிள்ளை. இதில் இரு தரப்பாருக்கும் எவ்விதச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. மாதந்தோறும் அவரது சீட்டு தவறாமல் வரும்: “பௌர்ணமிக்கு மழை இல்லை. பூ மீறவில்லை. தாயே நன்றி.” ஒருமுறை அதே தட்டில், தண்டராம்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரின் சீட்டும் இருந்தது: “மல்லாட்டை காய்கிறது. மழை வேண்டும்.” இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து நாம் சிரித்துவிட்டோம். வானகத் தந்தையின் இக்கட்டு நமக்குப் புரிந்தது போலிருந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் குருமடத்துப் படிப்பும் இருந்தது. நம் செபம் இறைவனின் திட்டத்தை மாற்றுவதில்லை. செபத்தின் வழியாகத் தருவதற்கென அவர் ஏற்கெனவே திருவுளம் கொண்டிருப்பதையே நாம் செபித்துப் பெறுகிறோம் என்று புனித தோமா அக்குவினா கற்பித்தார். இதில் முற்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பிற்பாதியைக் கைவிட்டோம். விளைவு, பல ஆண்டுகளாக நமக்கென்று எதையும் கேட்டதில்லை. இறைசித்தத்துக்குப் பணிந்த முதிர்ச்சி அது என்று எண்ணிக்கொண்டோம். உண்மையில் அது ஒரு வறட்சி. கேட்பதற்கு ஒன்றுமில்லாதபோது அவரோடு பேசுவதற்கும் நமக்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. கட்டளைச் செபம் வாயிலிருந்து வந்தது, அவ்வளவே.

புனித அகுஸ்தீனாரை நாம் எல்லாரும் படித்தோம். ஆனால் அவருடைய பல்வலி நம் தேர்வுத்தாளில் வந்ததில்லை. 386ஆம் ஆண்டு, திருமுழுக்குக்கு முன், மிலான் நகருக்கு அப்பால் கசிசியாக்கும் என்ற நாட்டுப்புற இல்லத்தில் நண்பர்களோடு தங்கியிருந்தார். பேச இயலாத அளவுக்குப் பல்வலி. எனவே மெழுகு பூசிய பலகையில், தமக்காகச் செபிக்குமாறு எழுதி நீட்டினார். அவர்கள் முழந்தாளிட்டதுமே வலி அகன்றது. அதைக் கண்டு தாம் திகிலுற்றதாக அவரே தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். மகிழ்ந்ததாக அல்ல, திகிலுற்றதாக! எங்கோ மெய்ப்பொருளாய் இருந்தவர், தம் பல்லின் பக்கத்தில் நிற்பதைக் கண்டவரின் திகில் அது. அடுத்த ஆண்டு பாஸ்கா இரவில் புனித அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். பிற்காலத்தில் மூவொரு இறைவனைப் பற்றிப் பெருநூல் இயற்றிய அந்த அறிஞர், ஒரு பல்லைப் பற்றி எழுத வெட்கப்படவில்லை.

சிறுமலர் தெரேசாள் கேட்டது இன்னும் சிறியது. 1889 சனவரி 10 அன்று அவர் துறவற ஆடை பெற்றார்; வயது 16. பனிமேல் அவருக்குக் குழந்தைப் பருவம் முதல் ஆசை. அன்று உலகமும் தம்மைப்போல் வெண்ணுடை அணிய வேண்டுமென விரும்பினார். குளிரே இல்லாத நாள், நம்பிக்கை போயிற்று. சடங்கு முடிந்து மடத்துக்குள் திரும்பியபோது முற்றமெங்கும் வெண்பனி. ஆனால் அதே தெரேசாள் 1896 பாஸ்கா முதல் 1897 செப்டம்பர் 30ஆம் நாள் இறக்கும்வரை, விண்ணகம் உண்டா என்ற ஐயத்தின் இருளில் கிடந்தார். அந்தப் பனி இந்த இருளைத் தடுக்கவில்லை. எனினும் இருளிலும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. பேசிப் பழகிய நாவு அது.

நம் முன்னோர் கதையும் இதுதானே? 1876-78 ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்தில் இவ்வட்டாரம் மடிந்துகொண்டிருந்தபோது, சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்த பிரான்சு நாட்டுக் குரு தாராஸ் அடிகளாரைத் தேடிப் பலர் வந்தனர். கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று அவர்களைப் பிறர் ஏளனம் செய்ததுண்டு. நம் முப்பாட்டனும் அப்படி வந்தவர்தாம். கேட்டார், கிடைத்தது, தங்கிவிட்டார். அந்தக் கஞ்சியைத் தள்ளிவிட்டால் இன்று பலிபீடத்தில் நிற்க நாம் ஏது? இவ்வளவும் தெரிந்திருந்தும், தட்டில் கிடந்த சீட்டுகளைக் கண்டு சிரித்தோம்.

சென்ற ஐப்பசியில் அந்தப் பூக்காரத் தாயின் ஒரே மகன், லாரியில் கிளீனராகப் போனவன், விபத்தில் சிக்கினான். மருத்துவமனையில் இரண்டு நாள் கிடந்தான். “பிள்ளை பிழைக்க வேண்டும்” என்ற சீட்டை நவநாளில் நாமே உரக்கப் படித்தோம். ஆலயம் முழுவதும் மன்றாடியது. மறுநாள் அவன் இறந்தான். அடைமழையில் அடக்கம். சேறும் சகதியுமாய் நாம் செபங்களைச் சொல்லி முடித்ததன்றி வேறெதுவும் நினைவில் இல்லை.

மூன்று சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. நாலாவது சனிக்கிழமை தட்டில் அந்தக் கோணல் எழுத்தைக் கண்டோம். “குழியில் இறக்கும்போது மழை விட்டது. பிள்ளை நனையவில்லை. தாயே நன்றி.”

மழை விட்டதா? நாம் கவனிக்கவே இல்லை. கோயில்பிள்ளையைக் கேட்டோம். “ஆமாம் சாமி, ஒரு கால்மணி நேரம் விட்டுச்சு. அந்தம்மா வழியெல்லாம் அதைத்தானே கேட்டுக்கிட்டு வந்தது” என்றார்.

மழையை நிறுத்தியவர் லாரியை நிறுத்தியிருக்கலாகாதா? இந்தக் கேள்வி நமக்கு எழுந்தது. அந்தத் தாய்க்கும் எழுந்திருக்கும், நாம் கேட்கவில்லை. படித்த இறையியலில் இதற்கு ஒரு விடையும் அகப்படவில்லை; இன்றும் இல்லை. ஆயின் கேட்ட பெரியது கிடைக்காத பிறகும், அவர் அதே வழியில் நடந்துகொண்டே இன்னொன்று கேட்டிருக்கிறார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். நவநாள் மணி அடித்தது. இதைப் படிக்கும்போது குரல் உடையாதிருக்க வேண்டும், ஆண்டவரே, என்று வேண்டினோம். எத்தனை ஆண்டுகளுக்குப் பின் நமக்கென்று கேட்டது!

அவர் தூணருகே தரையில் அமர்ந்திருந்தார். படித்தோம். குரல் உடையவில்லை.

நவநாள் முடிந்து, கோயில்பிள்ளை விளக்குகளை அணைக்கப் போனதும், அதற்கென ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டோம். அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறக்கையில் அவர் நம் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்வார். கண்டுகொள்ளட்டும்.