கம்பைநல்லூர்ச் சந்தையில் உலகத்துச் சமையல்

தர்மபுரி ஜில்லாவுக்குப் பிரயாணம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒகேனக்கல் அருவியில் நீராடிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். பக்தி மேலிட்டவர்கள் அரூர் வழியாகத் தீர்த்தமலைக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவே கம்பைநல்லூர் என்று ஓர் ஊர் இருப்பது வெளியூர்க்காரர்களில் வெகு சிலருக்கே தெரியும். சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில், ஜோலார்பேட்டைக்கு அப்பால் உள்ள மொரப்பூரில் இறங்கி, பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. மொரப்பூர் ஒரு காலத்தில் பெருமை வாய்ந்த சந்திப்பாக இருந்தது. 1906-ஆம் வருஷம் முதல் அங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் ஓடிற்று. பிறகு அது ஓசூர் வரையில் நீண்டது. இரண்டாவது மகா யுத்தத்தின் நடுவே, 1941-இல், அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.

கம்பைநல்லூரில் தேசிநாதேசுவரர் கோயில் இருக்கிறது. ஊரின் பெயரையே தாங்கிய ஆறு ஒன்று ஓடித் தென்பெண்ணையில் கலக்கிறது. பக்கத்தில் ஈச்சம்பாடியில் தென்பெண்ணையின் குறுக்கே அணை ஒன்று கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் இது காவிரிக்கரைச் சீமை அல்ல. மழையை அண்ணாந்து பார்த்துப் பிழைக்கும் நிலந்தான் அதிகம். கேழ்வரகு, நிலக்கடலை, குச்சிக்கிழங்கு, தக்காளி, மா, புளி ஆகியவையே இந்தப் பக்கத்துச் செல்வம். ஆனால் நாம் இவ்வூரைப் பற்றி எழுத வந்தது கோயிலுக்காகவும் அல்ல, ஆற்றுக்காகவும் அல்ல, இங்குள்ள வாரச்சந்தைக்காக. பிற தேசத்துச் சமையலை நம் வீட்டு அடுப்பில் செய்து பார்க்க ஆசைப்படும் குடும்பங்கள் முதலில் போகவேண்டிய இடம் பட்டணத்துக் கண்ணாடிக் கடை அல்ல, இதைப் போன்ற ஒரு சந்தைதான் என்பது நம்முடைய தீர்மானமான அபிப்பிராயம்.

காரணம் சொல்லுகிறோம். சந்தையில் குவிந்து கிடக்கும் பண்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, "உன் பூர்விகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்காவின் மலைநாட்டிலிருந்து வந்தேன் என்னும். அது வந்து ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகிவிட்டபடியால் நம் வீட்டுப் பாட்டி போலவே ஆகிவிட்டது. புளியும் ஆப்பிரிக்கப் பிறவி. அராபியர்கள் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' என்று பெயர் வைத்ததனால் உலகம் முழுவதும் அதை நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, குச்சிக்கிழங்கு, மக்காச்சோளம் ஆகிய ஐந்தும் அமெரிக்கக் கண்டத்தவை. 1492-இல் கொலம்பஸ் அந்தக் கரையை அடைந்ததற்கும், 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கியதற்கும் பிறகு வந்து சேர்ந்தவை. அதற்கு முன் நம் முன்னோர் ரசத்துக்குக் காரம் வேண்டுமென்றால் மிளகைத்தான் நாடினார்கள்.

இந்தச் சீமைக்கு இன்னொரு பழம் பெருமையும் உண்டு. தகடூர் என்ற தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர், வேற்றுலகத்திலிருந்து கரும்பைக் கொண்டுவந்து இந்த மண்ணில் நட்டவர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். உரைகாரர்கள் அது தேவலோகம் என்றார்கள். தாவர நூலார் கரும்பின் பிறப்பிடம் நியூகினித் தீவு என்கிறார்கள். எதுவானாலும், அயலிலிருந்து நல்ல பொருளைக் கொண்டு வந்து பயிராக்குவதைப் புகழுக்குரிய செயலாகவே இந்த நாட்டார் எண்ணினார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது.

இனி, நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். "இத்தாலிச் சமையல், மெக்ஸிகோச் சமையல் என்கிறார்களே, நாமும் செய்யலாமா, அத்தை?" என்று மருமகள் கேட்கிறாள். மாமியார் சம்மதிக்கிறாள். உடனே கடைக்கு ஆள் போகிறது. புட்டியில் அடைத்த தக்காளிக் குழம்பு, பொட்டலத்தில் அடைத்த மசாலை, டப்பாவில் அடைத்த சோளம் எல்லாம் வந்து இறங்குகின்றன. மாதச் செலவில் ஒரு பெருந்தொகை போனதுதான் மிச்சம். பண்டம் உப்பும் சர்க்கரையுமாக இருக்கிறது. அதே வாரத்தில் இந்த ஜில்லாவில் தக்காளி விலை சரிந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று குடியானவர்கள் பழத்தைச் செடியிலேயே அழுக விடுவதும், சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவதும் பல ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. புட்டியில் இருப்பதும் தக்காளிதான், சாலையில் கிடப்பதும் தக்காளிதான்.

அயல்நாட்டு உணவு என்றவுடன் நம்மவர்கள் பெரிய ஹோட்டல்களின் உணவை நினைத்துக்கொள்ளுவதே இந்தக் குழப்பத்துக்கு மூலகாரணம். ஒவ்வொரு தேசத்திலும் அன்றாடம் உண்ணும் பண்டத்தை உண்டாக்கியவர்கள் அந்த நாட்டுக் குடியானவர்களின் வீட்டுப் பெண்கள். அவர்களிடம் இருந்தவை நாலைந்து பொருள்கள், ஒரு பானை, ஒரு கல். அவர்களுடைய பக்குவத்தை மட்டும் நாம் கற்றுக்கொண்டால் போதும். பொருள்கள் கம்பைநல்லூரில் கிடைக்கும்.

கேழ்வரகிலிருந்தே ஆரம்பிப்போம். இந்தப் பக்கத்தில் களி கிண்டத் தெரியாத வீடு முன்பு கிடையாது. இப்பொழுதோ, விருந்தாளி வந்தால் களிப்பானையை மறைத்து வைக்கும் நாகரிகம் பரவிவிட்டது. உகாண்டா தேசத்தில் கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டித் துடுப்பால் கிண்டி இறுக்கி, விருந்தாளிக்குக் கௌரவமாகக் கூடையில் வைத்துப் படைக்கிறார்கள். அதன் பெயர் 'கலோ'. களி என்பதற்கும் கலோ என்பதற்கும் உறவு கொண்டாட வேண்டாம். காது கேட்ட ஒற்றுமை அவ்வளவே. ஆனால் கையால் கிள்ளி, குழியாக்கி, குழம்பில் தோய்த்து உண்ணும் முறையில் நமக்கும் அவர்களுக்கும் வேற்றுமை இல்லை. அவர்கள் பல இடங்களில் கேழ்வரகு மாவோடு குச்சிக்கிழங்கு மாவையும் கலந்துகொள்கிறார்கள். மூன்று பங்குக்கு ஒரு பங்கு சேர்த்தால், களி சற்று வழுவழுப்பாகவும் விரிசல் விடாமலும் வரும். இரண்டு மாவுக்கும் உரிய பயிர்கள் கம்பைநல்லூர் வயல்களிலேயே அருகருகே நிற்கின்றன. ஒரே சட்டியில் அவற்றைச் சேர்க்கவேண்டும் என்று இங்கே தோன்றாததுதான் வேடிக்கை.

இதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிரிக்கர்கள் செய்யும் நிலக்கடலைக் குழம்பைச் சொல்லவேண்டும். மேற்கே மாலி, செனகால் முதலிய தேசங்களில் இதை 'மாஃபே' என்பார்கள். கிழக்கே வேறு பெயர்கள். நால்வருக்கு 200 கிராம் நிலக்கடலையை இளஞ்சூட்டில் வறுத்துத் தோலைப் புடைத்துவிட்டு, தன் எண்ணெயிலேயே குழையும் வரையில் அரைக்கவேண்டும். வெங்காயம் இரண்டு, பழுத்த தக்காளி நான்கு, பூண்டு, பச்சைமிளகாய் ஆகியவற்றை வதக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பூசணித் துண்டையும் போட்டு, மூன்று கிண்ணம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடவேண்டும். கிழங்கு பாதி வெந்ததும் கடலை விழுதைக் கரைத்து விடலாம். இங்கேதான் பக்குவம். நம் பெண்கள் குழம்பு கெட்டியானவுடன் இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கினால் பச்சை வாடை போகாது. தணலைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால், கடலையின் எண்ணெய் பிரிந்து மேலே செந்நிறமாய் மிதக்கும். அதுவே இறக்கும் அடையாளம். முருங்கைக் கீரை ஒரு கைப்பிடி கடைசியில் தூவினால் போதும். சாம்பார்ப் பொடி, கொத்துமல்லிப் பொடி எதையும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் அது நல்ல குழம்பாகவே இருக்கும், ஆனால் நாம் தினம் சாப்பிடும் குழம்பாகிவிடும்.

பக்குவம், பக்குவம் என்று நாம் வற்புறுத்துவதற்கு மக்காச்சோளத்தின் சரித்திரம் சாட்சி. மெக்ஸிகோ தேசத்துப் பழங்குடிகள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைக் கழுவிப் போக்கிய பிறகே கல்லில் அரைத்து ரொட்டி தட்டினார்கள். ஐரோப்பியர் சோள விதையைத் தம் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். சுண்ணாம்பு சமாசாரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் சோளக்கூழே கதியென்று இருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தி தடுமாறி, உயிரையே வாங்கும் 'பெலாக்ரா' நோய் வந்தது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற வைத்தியர் 1735-லேயே அந்நோயைக் குறித்து வைத்தார். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாஸின் என்னும் உயிர்ச்சத்தைச் சுண்ணாம்பு விடுவித்து விடுகிறது என்ற உண்மை இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தெரிந்த நாட்டாருக்கு இது கடினமான வித்தையா? கிலோ சோளத்துக்குச் சுமார் 10 கிராம், வெற்றிலைக்கு ஆகும் சுத்தமான சுண்ணாம்பு போதும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைத் தொடவேண்டாம். ஊறிய சோளத்தை மூன்று நான்கு தண்ணீரில் அலசி, ஈரத்தோடு அரைத்தால் பிசைய வரும் மாவு கிடைக்கும். வாழையிலையில் வைத்துத் தட்டி, காய்ந்த கல்லில் எண்ணெயில்லாமல் போட்டு எடுக்கவேண்டும்.

அந்த ரொட்டிக்கு உகந்த சட்னியை மெக்ஸிகோக்காரர்கள் 'சல்ஸா' என்கிறார்கள். தக்காளி, பச்சைமிளகாய், தோலோடு பூண்டு மூன்றையும் வெறுங்கல்லில் புரட்டிப் புரட்டிக் கரும்புள்ளி விழும் வரையில் சுட்டு, உப்பு வைத்து ஒன்றிரண்டாக நசுக்கவேண்டும். பச்சை வெங்காயம், கொத்துமல்லித் தழை, எலுமிச்சஞ்சாறு சேர்த்தால் முடிந்தது. தாளிப்பு இல்லை. அவர்கள் இதற்கென்று எரிமலைக் கல்லில் குடைந்த, மூன்று கால் கொண்ட கல்லுரல் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு அம்மி அதற்குச் சிறிதும் குறைந்ததல்ல. மிக்ஸியில் சுற்றினால் நுரைத்துக் குழைந்து சப்பென்று போய்விடும்.

குச்சிக்கிழங்கின் கதி சற்று வருந்தத்தக்கது. இரண்டாவது மகா யுத்தத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோகவே, சேலம் பக்கத்தில் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அது பெரும் தொழிலாக வளர்ந்து, சேலம், தர்மபுரிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு ரொக்கம் கொடுத்தது. ஆனால் கிழங்கு ஆலைச் சரக்காகிவிட்டபடியால், வீட்டில் வேகவைத்து வெல்லத்தோடு தின்பதற்கு மேல் அதற்கு மரியாதை கிடைக்கவில்லை. கியூபாத் தீவில் இதையே பண்டிகை நாளில் பரிமாறுகிறார்கள். கிழங்கைத் தோலும் உட்பட்டையும் நீக்கி, நடு நரம்பை எடுத்துவிட்டு, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, உப்பிட்டு நெகிழ வேகவைக்கவேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். கிழங்கில் இயற்கையாக உள்ள நஞ்சு அதனோடு போகும். ஆலைக்கென்று பயிரிடும் கசப்புக் கிழங்கு வீட்டுக்கு ஆகாது. தின்பதற்கென்று விற்பதையே கேட்டு வாங்கவேண்டும். பிறகு ஒரு வாணலியில் கடலெண்ணெய் நான்கு கரண்டி காய்ச்சி, இறக்கி வைத்து, நசுக்கிய பூண்டு பத்துப் பல்லையும் அரிந்த வெங்காயத்தையும் அதில் போட்டு, பூண்டு சிவப்பதற்கு முன்பே எலுமிச்சஞ்சாற்றை விட்டு, சுடச்சுடக் கிழங்கின்மேல் ஊற்றவேண்டும். கியூபாவில் புளிப்பு நாரத்தையின் சாறு விடுவார்கள். நம் நாரத்தையும் கொஞ்சம் கைக்குமாதலால், எலுமிச்சையோடு பாதிக்குப் பாதி கலந்தால் அந்த ருசிக்குக் கிட்டத்தட்டப் போய்விடலாம்.

ஜாவாத் தீவின் 'காடோகாடோ' இன்னும் சுலபம். வெந்த பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, முளைகட்டிய பயறு இவற்றின்மேல், வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, பனைவெல்லம், உப்பு சேர்த்து அரைத்த குழம்பை ஊற்றுவதுதான். அங்கே இறால் விழுதும் கூட்டுவார்கள். சைவ வீடுகள் விட்டுவிடலாம். பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் சென்னைக் கடற்கரைப் பக்கத்தில் பிரசித்தப்படுத்திய 'அத்தோ'விலும் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் பூண்டெண்ணெயுமே பிரதானம். அதை அறிந்தவர்களுக்கு ஜாவா வெகுதூரம் அல்ல.

புளி வாங்கும்போது புதுப்புளியாக, ஓடு நீக்கியும் நார் இருக்கும்படியாகப் பார்த்து ஒரு கிலோ அதிகமாகவே வாங்கி வைக்கலாம். மெக்ஸிகோ நாட்டில் வெயிற்காலத்தில் தெருவெங்கும் புளிப்பானகம் விற்கிறார்கள். எகிப்தில் ரம்ஜான் மாதத்து நோன்பு துறக்கும் வேளையில் குடிக்கிறார்கள். ஓர் எலுமிச்சம்பழ அளவு புளியைக் கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சர்க்கரை மட்டும் போடுகிறார்கள். நாமானால் சுக்கும் ஏலக்காயும் வெல்லமும் போட்டு ராமநவமிப் பானகமாக்கிவிடுவோம். ஒரு நாள் அவர்கள் முறைப்படி வெறும் சர்க்கரை போட்டு, மண்பானையில் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள்.