ஏரலில் ஒரு 'லே'!

"ஏலே, கூறு இருக்காலே ஒனக்கு?"

"நீரு ரொம்ப ஒழுங்காக்கும்வே!"

ஏரல் பஜாரில் இரண்டு பேர் இப்படி உறுமிக்கொண்டதும், கூட வந்த சென்னை நண்பர் பயந்துபோய், "போலீஸைக் கூப்பிடலாமா?" என்றார். அதற்குள் அந்த இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்!

தாமிரபரணிக் கரையில் இருக்கும் இந்த ஊரில், 'சேர்மன்' என்ற இங்கிலீஷ் வார்த்தையே சாமி பெயராகிவிட்டது. ஊருக்குச் சேர்மனாக இருந்த அருணாசல சுவாமிக்குக் கோயில். ஆடி, தை அமாவாசைக்குக் கூட்டம் அள்ளும். அப்படிப்பட்ட ஊரில் 'லே'வுக்கு மட்டும் இலக்கணம் இருக்காதா?

நண்பருக்குப் பாடம் எடுத்தேன். முன்னால் வந்தால் 'ஏலே'. வாலாக வந்தால் 'லே'. சின்னவன், கூடப் படித்தவன் என்றால் 'வாலே'. பெண்பிள்ளை என்றால் 'ஏட்டி', 'ஏளா'. கொஞ்சம் மரியாதை வேண்டுமா? 'வே'. ஆனால், 'வாவே' என்றால் ஊரே சிரிக்கும். 'வாரும்வே' என்றுதான் சொல்லவேண்டும். புத்தகத்தில் பார்க்கிற 'நீர்', 'உமக்கு' எல்லாம் இங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அதற்கும் மேலே போனால், 'வாங்க அண்ணாச்சி!'

கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகை 129-ல் தோழனை 'எலுவ' என்று கூப்பிடுகிறான் தலைவன். கலித்தொகையில் 'எல்லா' என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். 'ஏலே'வின் ஜாடை தெரிகிறதல்லவா? அயர்லாந்தில் பிறந்து, இந்தச் சீமையில் இடையன்குடியில் குடியிருந்து, 1856-ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் வெளியிட்டவர் கால்டுவெல். அவர் காதிலும் 'லே' விழாமலா இருந்திருக்கும்!

பேசிக்கொண்டே ஒரு கடைப் பக்கம் வந்தோம். இருபது வயசுப் பையன் ஒருவன், மூட்டை தூக்கும் நரைத்த தலைக்காரரை "ஏலே!" என்றான். அவர் பதிலுக்கு 'லே' போடவில்லை. "இந்தா வந்துட்டேன் மொதலாளி" என்று குனிந்தார்.

"இதுக்கு என்ன இலக்கணம்?" என்றார் நண்பர்.

எனக்குச் சுருக்கென்றது. திருப்பிச் சொல்ல முடிகிறவனிடம் சொன்னால்தான் 'லே' பாசம். முடியாதவரிடம் சொன்னால் அது அடி.

பஸ் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏலே, சொல்லாமக் கொள்ளாமப் போறியே?"

கூடப் படித்தவன்! பத்து வருஷமாகச் சென்னையில் எல்லோருக்கும் நான் 'சார்'தான்.

"வந்துட்டேம்லே!" என்று இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போனால் போச்சு!