நான் கேட்டு வாங்கிய பாடம்

விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் நாள், துறைத் தலைவர் இரண்டு பாடங்களை முன்வைத்தார். ஒன்று, நான் ஆய்வு செய்த நுண்கணிதம். மற்றொன்று, யாரும் விரும்பி ஏற்காத அடிப்படைக் கணிதம்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' படித்தவன் நான். இடைநிலைப்பள்ளியில் அது 'பெச்சாஹான்' ஆனது. பல்கலைக்கழகத்தில் 'ஃபிராக்‌ஷன்' ஆனது. கணக்குத் தெரிந்தும் சொல் தெரியாமல் எத்தனை நாள் தலைகுனிந்திருக்கிறேன்! 2003-இல் தமிழ்ப்பள்ளிக் கணிதமே ஆங்கிலத்துக்கு மாறியது. பின்னர் மீண்டும் தமிழுக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் தடுமாறியவர்கள் மாணவர்களே.

அடிப்படைக் கணிதத்தையே கேட்டு வாங்கினேன். மேல்வகுப்பு எடுத்த நண்பர்கள் பதவி உயர்வில் என்னை முந்தினர். வருத்தம் இல்லை என்றால் பொய்யாகும்.

ஆனால், கடைசி வரிசையில் வாய்திறவாத மாணவி ஒருநாள் தானே எழுந்துவந்து வெண்பலகையில் கணக்கை முடித்தாள். தம்பி தங்கைகளே, அன்று நான் தேர்ந்த பாடம் என்னையும் தேர்ந்துகொண்டது.