எங்கே குடியிருக்கிறீர்கள்?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அங்கே எந்த பேங்க் நல்லது தாத்தா?" வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதியை அந்நியச் செலாவணிப் பிரிவில் கழித்தவன் என்பதால் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பதிலுக்கு வேறொன்றைக் கேட்பேன். எங்கே குடியிருக்கப் போகிறாய், அதற்கு என்ன காகிதம் வைத்திருப்பாய்? வங்கிக்காரன் பார்ப்பது நாம் எந்த நாட்டுப் பிரஜை என்பதை மட்டுமல்ல, எங்கே வசிக்கிறோம் என்பதை. கணக்கின் வகை, வட்டிக்கு வரி, பணத்தை வெளியே எடுக்கும் உரிமை எல்லாம் அந்த ஒரு பதிலில்தான் தொங்குகின்றன.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்கிறேன். மகள் குடும்பம் அங்கே இருப்பதால் பக்கத்திலிருந்து பார்த்த ஊர். நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளும் கூட்டமாகப் போகிற ஊர்.

மாணவர் விசாவுக்குப் பணபலத்தைக் காட்டப் பெரும்பாலானவர்கள் எடுக்கும் வழி 'பிளாக்டு அக்கவுண்ட்'. 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக்கு 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும். மாதம் 992 யூரோவாகத்தான் அது வெளியே வரும். வீட்டை அடமானம் வைத்தோ கல்விக்கடன் வாங்கியோ இதைக் கட்டிவிட்டு, "கணக்குத் திறந்தாயிற்று" என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது பூட்டிய பெட்டி. அதிலிருந்து வாடகையும் கட்ட முடியாது, காய்கறியும் வாங்க முடியாது. மாதாமாதம் அந்த 992 வந்து விழுவதற்கு அங்கே இன்னொரு கணக்கு வேண்டும். அதன் பெயர் கிரோ கோன்ட்டோ. நம் ஊரில் சேமிப்புக் கணக்கு செய்கிற அன்றாட வேலையை அங்கே செய்வது இதுதான். வட்டியை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. இது திறக்கும்வரை பெட்டியும் திறக்காது. ஆகவே முதல் சில வாரச் செலவுக்குத் தனியாகப் பணம் கையில் இருக்க வேண்டும். இதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கிரோ கோன்ட்டோ திறக்கப் போனால், பல வங்கிகள் 'ஆன்மெல்டுங்' கேட்கும். புதிய வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம்; அந்தப் பதிவுதான் ஆன்மெல்டுங். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். வீட்டுக்காரரோ வாடகையும் முன்பணமும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்பார். வீட்டுக்குக் கணக்கு, கணக்குக்கு வீடு. போதாக்குறைக்கு, உள்வாடகைக்கு அறை தருகிற சிலர் "பதிவு மட்டும் செய்யக் கூடாது" என்று நிபந்தனை போடுகிறார்கள். ஐம்பது யூரோ குறைவு என்று அந்த அறையைப் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பதிவு இல்லாவிட்டால் 11 இலக்க வரி எண் தபாலில் வந்து சேருவதும் திண்டாட்டம். பகுதிநேர வேலைக்கு அந்த எண் வேண்டும். மலிவான அறை எவ்வளவு விலையானது என்பது அப்போதுதான் தெரியும்.

இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் பலருக்கு ஓர் உரிமை இருப்பதே தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் கொண்டுவந்த விதியின்படி, அங்கே சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்று உண்டு. நிலையான முகவரி இல்லாதவருக்கும் உண்டு. ஜெர்மனியில் 2016 ஜூனிலிருந்து இது 'பாசிஸ் கோன்ட்டோ' என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் முழுமையாக வந்த பிறகு பத்து வேலை நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். அங்கேயே பயன்படுத்தக்கூடிய வேறு கணக்கு இருப்பது போன்ற சில காரணங்களுக்காகத்தான் மறுக்கலாம். மறுத்தால் நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினிடம் முறையிடலாம். கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும். என்றாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் உதட்டைப் பிதுக்கியதும் திரும்பி வந்துவிடக் கூடாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்: பெயர் சொல்லி எழுத்தில் கேட்கிறவருக்குக் கிடைக்கும் பதிலே வேறு.

பெயர் என்றதும் நம்மவர்களின் தனித் தொல்லை ஒன்று நினைவுக்கு வருகிறது. இனிஷியல். இங்கே எஸ். கார்த்திக் என்று வளர்ந்தவன், கடவுச்சீட்டில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராக எழுதியிருப்பான். அங்கே போனதும் வங்கிக் கடிதம் "திரு. சுந்தரம்" என்று அப்பாவுக்கு வருவதுபோல வரும். சிரித்துவிட்டு விடலாம், ஆனால் தபால்பெட்டியிலும் அந்தப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அட்டை ஓர் உறையிலும் ரகசிய எண் வேறோர் உறையிலும் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் அது திரும்பிப் போய்விடும். 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று வங்கி சரிபார்த்துச் சொல்கிறது. ஆகவே கடவுச்சீட்டு, பல்கலைக்கழகப் பதிவு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு நான்கிலும் ஒரே எழுத்தில் பெயர் இருப்பது நல்லது. குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ள கடவுச்சீட்டை வைத்திருப்பவர் புறப்படும் முன்பே திருத்திக்கொண்டால் பாதித் தலைவலி போகும்.

சரி, எந்த மாதிரி வங்கி? செல்பேசியிலேயே திறக்கிற வங்கியா, தெருமுனையில் கிளை வைத்திருக்கும் ஷ்பார்காஸ போன்ற உள்ளூர் வங்கியா? செல்பேசி வங்கி மலிவு, வேகம். ஆனால் வீடியோவில் அடையாளம் சரிபார்க்கும்போது இந்தியக் கடவுச்சீட்டை ஏற்காதவையும் உண்டு. அப்போது அஞ்சலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். சில செல்பேசி வங்கிகள் வேறு ஐரோப்பிய நாட்டுக் கணக்கு எண்ணைத் தருகின்றன. யூரோ பரிமாற்றத்தில் எந்த உறுப்பு நாட்டு எண்ணையும் மறுக்கக் கூடாது என்று விதி இருந்தும், ஜெர்மனியின் 'டிஇ'யில் தொடங்காத எண்ணைக் கண்டு முகம் சுளிக்கும் முதலாளிகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. சட்டம் நம் பக்கம் என்று சம்பளத்துக்காக வாதாடும் நிலையில் முதல் ஆண்டில் யாரும் இருப்பதில்லை. என் விருப்பம் உள்ளூர் வங்கிதான். பல இடங்களில் மாணவருக்குக் கட்டணமில்லை, சிக்கல் வந்தால் எதிரே உட்கார்ந்து கேட்க ஒரு மனிதர் இருக்கிறார். என்னை விட இளையவர்கள் இதைக் கிழவன் பேச்சு என்பார்கள், இருக்கட்டும். பணம் பத்திரமா என்ற கவலை இரண்டுக்கும் பொது. உரிமம் பெற்ற வங்கி எதுவானாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,00,000 யூரோ வரை ஐரோப்பியச் சட்டப்படி காப்பு உண்டு, வெளிநாட்டவர் என்று குறைப்பதில்லை.

இத்தனையும் அங்கே இருக்கும் கணக்கு. எனக்கு அதைவிடக் கவலை, இங்கே விட்டுவிட்டுப் போன கணக்கைப் பற்றி.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ கிளம்பியவருடைய இந்தியச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மாணவர்களையும் வெளிநாடு வாழ்பவராகவே கருத வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் பழைய கணக்கு அப்படியே கிடக்கும், ஏடிஎம் அட்டை அம்மாவின் பீரோவில் இருக்கும், யுபிஐ அப்பாவின் போனில் ஓடும். யாரும் கேட்கவில்லையே என்பார்கள். 1999ஆம் ஆண்டின் ஃபெமா சட்டம், மீறலுக்கு அதில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. வீட்டு வாடகை, பழைய வைப்புத்தொகை வட்டி போன்று இங்கேயே பிறக்கும் பணத்துக்கு என்ஆர்ஓ. அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ. இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பவனுக்குப் பின்னாளில் பணத்தைத் திரும்ப எடுத்துப் போகத் தடை வராது. என்ஆர்இயில் எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். என்ஆர்ஓவில் நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, வரி கட்டிய காகிதங்களோடு. அம்மா கையாள வேண்டுமென்றால் அதற்கு முறையான அதிகாரப் பத்திரம் இருக்கிறது. பீரோ சாவி அதிகாரப் பத்திரம் ஆகாது.

வரியில் ஒரு நுணுக்கம். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பது உண்மை. அதைக் கேட்டுவிட்டு, எங்குமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜெர்மனியில் குடியிருப்பவருக்கு உலகில் எங்கே வட்டி வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். தனிநபருக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ வரை விலக்கு, அதற்கு மேல் 25 சதவீதமும் ஒரு சிறு கூடுதல் வரியும். 2017 முதல் இரு நாடுகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இருக்கின்றன. கணக்குத் திறக்கும்போது 'வரி வசிப்பிடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் யாரும் படிக்காத கட்டம் அது. அதில் எழுதியதுதான் இரண்டு அரசாங்கங்களுக்கும் போய்ச் சேருகிறது.

நாடு திரும்பும்போது ஜெர்மன் கணக்கை விமானம் ஏறும் அன்றே மூடிவிடக் கூடாது. வீட்டு முன்பணம் திரும்பி வரச் சில மாதம் ஆகும். வரித்துறை தர வேண்டியது இருந்தால் அதைக் கேட்க நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. கடைசி மின்கட்டணம் வேறு பாக்கி நிற்கும். முகவரியை மட்டும் ஊர் விலாசத்துக்கு மாற்றிவிட்டு, தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்த சந்தாக்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஏமாந்து ஏதாவது எடுத்துவிட்டால், எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே அந்தப் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். இங்கே வந்து நிலையாகத் தங்குவது என்று ஆனதும், என்ஆர்இயையும் என்ஆர்ஓவையும் உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் யூரோவை உடனே ரூபாயாக்க மனமில்லாதவர்கள் ஆர்எஃப்சி கணக்கில் வெளிநாட்டுப் பணமாகவே வைத்துக்கொள்ளலாம். அதற்கு எந்தக் கிளையில் வசதி இருக்கிறது என்று புறப்படும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளட்டும்.