பனிவெளியும் பாசனக் கிணறும்

எங்கள் ஊர் செட்டியார்பட்டி. இராசபாளையத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவாறு அமைந்திருப்பது. விடியற்காலையில் வாயிற்கதவைத் திறந்தால் மேற்கே மலை தெரியும். 'பனி' என்றால் எங்கள் ஊரார் அறிந்தது மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி ஒன்றே. அத்தகைய ஊரில் பிறந்து, இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த எனக்குப் பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றி ஆராயும் வேலை வந்து சேரும் என்று நான் கனவிலும் கருதியதில்லை.

ஒரு தீபாவளித் திருநாளுக்கு என் மகன் மனைவியோடும் மகளோடும் சென்னையிலிருந்து வந்திருந்தான். அவன் பொறியியல் கற்றவன். ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் ஆறாண்டுகள் பணியாற்றித் திரும்பியவன். அந்நகருக்கு ஆல்ப்ஸ் மலை தொலைவன்று. அங்கேதான் தன் இருபத்தெட்டாம் வயதில் அவன் பனிச்சறுக்குக் கற்றான். அன்று மாலை திண்ணையில் அமர்ந்திருந்தபோது, "அப்பா, இந்தக் குளிர்காலத்தில் பாப்பாவைப் பனிமலைக்கு அழைத்துச் செல்லப் போகிறேன். எந்த இடம் ஏற்றது என்று நீங்களும் ஆராய்ந்து சொல்லுங்கள்" என்றான்.

"அதைப் பற்றி எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"பனியைப் பற்றி நான் சொல்கிறேன். பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் இருந்தவர் அல்லவா?" என்று சிரித்தான்.

அவன் விளக்கியதிலிருந்து நான் அறிந்தது இது. உறைபனி மூடிய நிலத்தில் வெறுங்காலால் நடந்தால் கால் புதையும். நீண்டு மெலிந்த பட்டைகள் இரண்டைக் கால்களில் பூட்டிக்கொண்டு நின்றால், உடலின் எடை பரந்து விழுவதால் புதைவதில்லை. நிலம் சரிவாக இருப்பின் அப்பட்டைகள் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடுவது எளிது, நிற்பதே அரிது. ஆதலால் புதிதாகக் கற்பவர்க்கு முதலில் நிற்கவே கற்பிப்பார்கள். பட்டைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றிவைத்தால் விரைவு தணியும். இந்நிலையை ஜெர்மானியர் 'கலப்பை' என்னும் பொருளுடைய சொல்லால் வழங்குகின்றனர் என்று அவன் கூறியபோது, நான் பெரிதும் மகிழ்ந்தேன். பனி உழும் கலப்பையும் உலகில் உண்டு போலும்!

பின்னர் இடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். இமாசலப் பிரதேசத்து மணாலிக்கு அருகில் சோலங் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. மணாலியிலுள்ள மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கே பனிச்சறுக்குப் பயிற்சியும் நடத்துகிறது. ஆயினும் பனியைக் காண வருவோரின் கூட்டம் அங்கே மிகுதி. உத்தரகண்ட மாநிலத்தில் ஔலி என்னும் இடம் இருக்கிறது. நல்ல புல்வெளிச் சரிவுகள் உடையது. அரசு நிறுவனமே ஏழு நாள், பதினான்கு நாள் எனப் பயிற்சிகள் நடத்திவருகிறது. ஆனால் அதன் அடிவாரத்து ஜோஷிமட் நகரில் 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்து வீடுகள் பிளந்தன. அங்கிருந்து ஔலிக்குச் சென்ற, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ஊர்தியும் அப்போது நிறுத்தப்பட்டது.

மூன்றாவது இடம் காசுமீரத்துக் குல்மார்க். 'மலர்ப் புல்வெளி' என்பது அப்பெயரின் பொருள். சீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. 1927 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் அங்கே பனிச்சறுக்குக் கழகம் ஒன்றை நிறுவினர். நடுவண் அரசின் பயிற்சி நிறுவனம் 1968 இல் தோன்றியது. கம்பிவட ஊர்தியின் முதற் கட்டம் 1998 இலும், இரண்டாங் கட்டம் 2005 இலும் இயங்கத் தொடங்கின.

குல்மார்க் வெளி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். ஆகவே, நம் நாட்டுச் சிகரத்தின் உச்சியளவு அங்கே தரையளவு! அவ்வெளியிலிருந்து புறப்படும் ஊர்தி, முதற் கட்டத்தில் 3,000 மீட்டருக்கு மேலும், இரண்டாங் கட்டத்தில் அபர்வத் மலைமேல் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரையிலும் ஏறுகிறது. கீழே தாழ்வான மென்சரிவுகள். மேலே செங்குத்தான பெருஞ்சரிவுகள். கீழ்ச்சரிவு புதியவர்க்கு, மேற்சரிவு வல்லவர்க்கு.

என் மகனின் உள்ளம் அந்த உச்சியிலேயே இருந்தது. "இரண்டு நாள் கீழே நானே பழக்குவேன். மூன்றாம் நாள் பாப்பாவை உச்சிக்கு அழைத்துச் செல்வேன். அங்கிருந்து அவள் ஒருமுறை சறுக்கி இறங்கினால், பிறகு அச்சம் என்பதே இராது" என்றான்.

அருகில் அமர்ந்திருந்த என் பேத்தி மெல்ல என் கையைப் பற்றினாள். "தாத்தா, விழுந்தால் வலிக்குமா?" என்று கேட்டாள்.

அவ்வொரு வினா என்னை முப்பது ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துச் சென்றது. அப்போது என் மகனுக்கும் வயது ஒன்பது. கோடை விடுமுறை. ஊருக்கு மேற்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் குதித்து நீந்திக்கொண்டிருந்தனர். நான் பலருக்கு அங்கே நீச்சல் பழக்கியவன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, படியில் அமர்த்தி, கால் நனையச் செய்து, பிறகு இடுப்பளவு, பிறகு மார்பளவு என்று படிப்படியாகப் பழக்குவேன். ஆனால் என் மகன் மட்டும் நான்கு நாட்களாகியும் இரண்டாம் படியை விட்டு இறங்கவில்லை. கிணற்று மேட்டில் நின்ற சிலர், "வாத்தியார் பிள்ளைக்கா இவ்வளவு பயம்?" என்று நகைத்தனர். ஊரார் பிள்ளைகளிடம் எனக்கிருந்த பொறுமை என் பிள்ளையிடம் இல்லாமற் போயிற்று. "ஒருமுறை விழுந்தால் அச்சம் தீரும்" என்று சொல்லி, அவனைத் தூக்கி ஆழத்தில் எறிந்தேன்.

மூழ்கி நீர் குடித்தவனை நானும் இன்னொருவருமாகப் பற்றிக் கரைசேர்த்தோம். உயிருக்குத் தீங்கில்லை. ஆனால் அன்று முதல் அவன் அந்தக் கிணற்றில் இறங்கியதில்லை. நீச்சலும் அவனுக்கு வரவில்லை. அதுபற்றி அவன் என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது அவன் வாயிலிருந்து வந்தது, அன்று நான் சொன்ன அதே சொல் அல்லவா? சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "தம்பி, உனக்குப் பனிச்சறுக்குக் கற்பித்தவர் யார்? எவ்வாறு கற்பித்தார்?" என்று கேட்டேன்.

"வயது முதிர்ந்த ஓர் அம்மையார், அப்பா. முதல் நாள் சரிவின் பக்கமே விடவில்லை. சமதரையில் ஒரு காலில் மட்டும் பட்டையைப் பூட்டி நடக்கவைத்தார். நான்கு வயதுக் குழந்தைகள் என்னைக் கடந்து ஓடினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவும் இல்லை, விரைவுபடுத்தவும் இல்லை" என்றவன், சட்டென்று நிறுத்தினான். பிறகு தாழ்ந்த குரலில், "அவர் என்னைத் தள்ளவில்லை" என்றான்.

நான் தலைகுனிந்தேன். "நான் தள்ளினேன், தம்பி. அது என் பிழை. முப்பது ஆண்டுகளாகச் சொல்ல எண்ணி, சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றேன். அவன் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. என் பேத்தி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறி நோக்கினாள். சிறிது நேரத்திற்குப் பின், அவன் உச்சியைக் குறித்திருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, "கீழ்ச்சரிவைப் பற்றிப் பேசுவோம், அப்பா" என்றான்.

பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியரை நிலத்திற்கு ஒப்பிடுகிறார். நிலம் பொறுமை உடையது; பருவம் அறிந்து உழைப்பார்க்கு அவர் உழைப்பின் அளவிற்குப் பயன் தருவது. இதனை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான். பொறுமையும் பருவமும் ஆகிய அவ்விரண்டையுமே அளவுகோலாகக் கொண்டு அன்றிரவு முடிவு செய்தோம்.

இடம் குல்மார்க்; ஆனால் உச்சியன்று, அடிவெளி. கற்பிப்பவர் தந்தையல்லர், சுற்றுலாத் துறையில் பதிவு பெற்ற பயிற்றுநர். தன் பிள்ளைக்குத் தானே கற்பிக்கும்போது பாசமும் பெருமையும் பொறுமையை விழுங்கிவிடுகின்றன. முதல் நாள் முழுதும் ஓய்வு. அவ்வுயரத்துக் காற்றுக்கு உடல் பழக வேண்டும். அடுத்த மூன்று நாட்களும் தந்தை மகளின் பார்வையில் படும்படி அருகில் நிற்பது. அவள் அச்சம் தெளிந்த பின்னரே, அவள் பயிலும் வேளையில் அவன் துணையோடு முதற் கட்டம் வரை சென்று வரலாம். நண்பகலில் இருவரும் கூடி உண்ண வேண்டும். இரண்டாங் கட்டம் இப்பயணத்தில் இல்லை. 2023 பிப்ரவரியில் அந்த மேற்சரிவில் பனிப்பாறை சரிந்து, போலந்து நாட்டார் இருவர் உயிரிழந்த செய்தியை அவனே எடுத்துரைத்தான்.

கருவிகளைப் பற்றியும் பேசினோம். வளரும் பிள்ளைக்கு அவற்றை விலைக்கு வாங்குதல் வீண், வாடகைக்குப் பெறலாம். காலணி தளர்ந்தோ இறுகியோ இருத்தல் கூடாது. பட்டையின் உயரம் சிறுவரின் முகவாய்க்கு அண்மையில் இருந்தால் போதும். விழும்போது காலை விட்டு விலகும்படி பூட்டு அமைந்திருக்கிறது. அது விலகும் அளவைச் சிறுவரின் எடைக்கும் உயரத்திற்கும் ஏற்பத் திருத்தச் செய்தல் வேண்டும். தலைக்கவசம் இன்றியமையாதது. வெண்பனி வெயிலைத் திருப்பி வீசுவதால் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தேவை.

காலத்தைத் தெரிவதுதான் கடினமாயிற்று. நம் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை டிசம்பர் இறுதியில் வருகிறது. காசுமீரத்தாரோ டிசம்பர் 21 இல் தொடங்கும் நாற்பது நாட்களைக் கடுங்குளிர்க் காலமாகக் கொள்கின்றனர். அக்காலத்தின் தொடக்கத்தில் குளிர் வந்தாலும் பனி வருமென்னும் உறுதியில்லை. 2024 ஜனவரி நடுவில், பனி மூடியிருக்க வேண்டிய குல்மார்க் வெளி காய்ந்த புல்லாகக் கிடந்தது. அம்மாத இறுதிக்குப் பின்னரே நன்கு பனி பெய்தது. ஆகவே பிப்ரவரித் தொடக்கமே ஏற்றதென்று துணிந்தோம். அப்போது பள்ளி நடக்குமே! மாணவர் விடுப்புக் கேட்டால் முகஞ்சுளித்தே பழகிய நான், என் பேத்திக்காக எட்டு நாள் விடுப்பு விண்ணப்பத்தை என் கையாலேயே எழுதிக்கொடுத்தேன். விட்டுப்போகும் பாடங்களை முன்னதாகவே படித்து முடிப்பதாக அவளிடம் உறுதியும் பெற்றுக்கொண்டேன்.

அவ்வாறே சென்றனர். முதல் நாள் பயிற்சியில் இருபத்து மூன்று முறை விழுந்ததாகப் பேத்தி எண்ணிச் சொன்னாள். விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும் என்றும், வலித்தது சிறிது, குளிர்ந்தது மிகுதி என்றும் எனக்கு அறிவித்தாள். ஐந்தாம் நாள் மாலை தொலைபேசியில் அவள் குரல் துள்ளிக் குதித்து வந்தது: "தாத்தா, நான் நின்றுவிட்டேன்!" மலைச்சரிவில் ஓடியதை அவள் சொல்லவில்லை; நின்றதையே சொன்னாள். அவள் கற்றது சரியான முறையில் என்பதை அறிந்துகொண்டேன்.

கோடை விடுமுறையில் அவர்கள் மீண்டும் ஊருக்கு வந்தனர். பேத்திக்கு நீச்சல் பழக்க அவளைத் தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துச் சென்றேன். இப்போது சுரைக்குடுக்கைக்கு மாறாக நெகிழிக் கலத்தை முதுகில் கட்டுகின்றனர். அவள் முதற்படியில் அமர்ந்து கால்களை நனைத்துக்கொண்டிருந்தாள். மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகன் சிறிது நேரத்தில் தானும் இறங்கி வந்து, அவளுக்கு அருகில் அமர்ந்து, தன் கால்களையும் நீரில் வைத்தான். அன்று அவன் அந்தப் படியை விட்டு இறங்கவில்லை. நானும், "இறங்கு" என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் எழுவதற்கு முன்பே இருவரும் துண்டும் கையுமாக வாயிலில் நின்றனர். "கலம் இரண்டு வேண்டும், அப்பா" என்றான் என் மகன்.